புழுவும் பழியும்

சென்ற தை மாதம் என் சிற்றப்பாவின் கிராமத்து வீட்டில் ஒரு நிலைக்கால் விழுந்தது. முன்வாசல் நிலை நல்ல தேக்கு. அது இன்னும் மூன்று தலைமுறைக்கு அசையாது. விழுந்தது கொல்லைக்கட்டு வாசலின் நிலைக்கால். அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த ஏதோ நாட்டு மரத்தைப் போட்டு, தேக்கு நிறத்தில் வர்ணம் பூசி, தேக்கு என்றே எல்லாரையும் நம்ப வைத்திருந்தார்கள். வெளிப் பார்வைக்கு ராஜா மாதிரிதான் நின்றுகொண்டிருந்தது.

சிற்றப்பாவின் மருமகள் கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குடம் நிலைக்காலில் லேசாக இடித்தது. அவ்வளவுதான். கால் தவிடு மாதிரி உதிர்ந்தது. மேல் உத்தரக் கட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. காரை பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, அவளுக்கு அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அடி வேறு திசையிலிருந்து வந்தது.

"வந்த வேளை! இவள் காலடி எடுத்து வைத்த வேளை, வீட்டு நிலையே சாய்ந்துவிட்டது!" என்றாள் என் சித்தி.

அந்தப் பெண் அந்த வீட்டுக்கு வந்தது ஐப்பசியில். மூன்றே மாதம். பதில் சொல்லாமல் சிதறிய காரையைக் கூட்டி அள்ளினாள். நானும் அங்கேதான் இருந்தேன். நாவல்களில் மாமியார்களுக்கு எத்தனையோ வசனம் எழுதியவன். ஆனாலும் அந்தச் சமயத்தில் எனக்கு வாய் எழவில்லை.

சாயங்காலம் ஆசாரி வந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். விழுந்த கட்டையை அவர் முதலில் பார்க்கவே இல்லை. நின்றுகொண்டிருந்த மற்றொரு காலை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே 'டங், டங்' என்று கேட்டது. இடுப்பு உயரத்துக்குக் கீழே வந்ததும் 'பொத்' என்று கேட்டது. உளியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். வர்ணம் தோல் மாதிரி பிரிந்தது. உள்ளே மரம் இல்லை. மண்ணும் பொந்தும் கரையானுந்தான்.

"அம்மா, இது நாலு வருஷக் குடித்தனம். பின்னால தண்ணி தேங்கி, ஈரத்தோட ஏறியிருக்கு. இந்தப் பொண்ணு வந்தது ஐப்பசியிலதானே? கணக்கு ஒத்து வரலியே!" என்றார் ஆசாரி.

அன்று இரவு திண்ணையில் படுத்தபடி அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு ஒத்து வரவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு தேசமே என் சித்தி சொன்னதைச் சொல்லிற்று. அங்கேயும் மரத்தைத் தின்றது ஓர் அற்பப் பிராணிதான். பழி மட்டும் மனிதர்கள் தலையில் விழுந்தது. அங்கே ஆசாரி வந்து தட்டிப் பார்ப்பதற்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதையின் நாயகனை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். மரத்தைத் தின்னும் ஜீவராசிகளில் நமக்குத் தெரிந்தவை எல்லாம் தரையில் வாழ்பவை. கரையான், மரத்தை உளுக்கும் வண்டு, ஈரத்தில் படரும் பூசணம் இவற்றோடு நமக்குத் தினசரிப் பழக்கம் உண்டு. கடலுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. அதை நான் முதலில் பார்த்தது நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கடற்கரையில். அலை ஒதுக்கிய ஒரு பழைய மரத்துண்டு மணலில் கிடந்தது. மேலே ஊசி குத்தினாற்போல் நாலைந்து துவாரங்கள். ஒரு முதிய மீனவர் அதை அரிவாளால் பிளந்து காட்டினார். உள்ளே தேனடைதான்! விரல் பருமனுக்குச் சுரங்கம் சுரங்கமாகப் போயிருந்தது. ஒவ்வொரு சுரங்கத்தின் உட்புறமும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாக இருந்தது.

"மரத்தைத் தண்ணியிலயே போட்டு வச்சா இதுதான் கதி, தம்பி. அதனாலதான் எங்க அப்பன் காலத்துல கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டை அவுத்து மணல்ல காயப் போட்டுடுவாங்க. இப்பத்தான் எல்லாம் ஃபைபர் போட்டு ஆயிப்போச்சே" என்றார்.

இதைக் கப்பல் புழு என்று சொல்வார்கள். உண்மையில் இது புழுவே அல்ல. சிப்பியும் மட்டியும் எந்தக் குலமோ, அந்தக் குலத்தைச் சேர்ந்தது. மற்றச் சிப்பிகளுக்கு ஓடு உடம்பை மூடிக் காக்கும். இதற்கோ உடம்பு நீளமாக, கொழகொழவென்று வெளியே கிடக்கிறது. தலைப்பக்கத்தில் மட்டும் இரண்டு சிறிய ஓடுகள். அந்த ஓடுகளின் மேல் அரம் போல வரி வரியாகப் பற்கள். அவற்றை அசைத்து அசைத்து, திருகித் திருகி, மரத்தைச் சுரண்டிக்கொண்டே முன்னேறுகிறது. சுரண்டிய தூளைத் தின்றுவிடுகிறது. பின்னால் விட்டுவந்த வழியில் சுண்ணாம்பைப் பூசிக்கொள்கிறது. வால்பக்கத்து இரண்டு குழாய்கள் மட்டும் அந்த ஊசித் துவாரத்தின் வழியே கடல் நீரில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆபத்து வந்தால் குழாய்களை உள்ளே இழுத்துக்கொண்டு, துவாரத்தைத் தாழ்ப்பாள் போட்டாற்போல் அடைத்துவிடும்.

மரத்துக்குள் நுழையும்போது அது கண்ணுக்கே தெரியாத குஞ்சு. உள்ளே போன பிறகு ஓர் அடி, சில சமயம் இரண்டு அடிகூட வளர்கிறது. நுழைந்த வாசல் சிறியதாகவே இருந்துவிடுவதால், வெளியில் வரவும் முடியாது. வெளியில் இருப்பவனுக்கு உள்ளே நடப்பது தெரியவும் தெரியாது. ஒரு கட்டையில் நூற்றுக்கணக்கில் குடியிருந்தாலும் ஒன்றின் சுரங்கத்தை மற்றொன்று குறுக்கே வெட்டுவதில்லை. பங்காளிகளுக்குள் இவ்வளவு வரப்பு மரியாதை நம் ஊரில்கூட நான் பார்த்ததில்லை.

மரத்தைத் தின்பது சரி, செரிப்பது எப்படி? இதற்காகவே அதன் செவுளில் சில நுண்கிருமிகள் குடியிருக்கின்றன. மரநாரைக் கரைக்கும் ரசத்தை அவை உண்டாக்கித் தருகின்றன. கரையானின் வயிற்றிலும் இதே மாதிரி கூட்டாளிகள் உண்டு. கடித்துத் தின்பவன் ஒருவன், கரைத்துக் கொடுப்பவன் இன்னொருவன் என்பதுதான் தரையிலும் கடலிலும் இந்தத் தொழிலின் ரகசியம்.

இனி, சரித்திரம்.

1502 மே மாதம் கொலம்பஸ் நான்கு கப்பல்களுடன் ஸ்பெயினிலிருந்து தமது நான்காவது பிரயாணத்தைத் தொடங்கினார். மத்திய அமெரிக்கக் கரையோரமாக மாதக்கணக்கில் அலைந்தார். அந்த வெதுவெதுப்பான கடல் கப்பல் புழுவுக்குச் சொர்க்கலோகம். புயலைச் சமாளித்தார், பகைவரைச் சமாளித்தார், புழுவைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு கப்பலை வழியில் கைவிட்டார். பிறகு இன்னொன்றையும் விட்டார். மிஞ்சிய இரண்டிலும் இரவு பகலாக நீர் இறைத்துக்கொண்டே வந்து, 1503 ஜூன் 25ஆம் தேதி ஜமைக்காத் தீவின் கரையில் அவற்றை அருகருகே தரைதட்ட வைத்தார். அதற்குமேல் அவை மிதக்கவில்லை.

புது உலகத்துக்கு வழி கண்ட மாலுமி ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கரையிலேயே கிடந்தார். அவருடைய ஆட்களில் டியேகோ மெண்டஸ் என்பவர் சிறு ஓடத்தில் கடல் கடந்து பக்கத்துத் தீவுக்குப் போய் உதவி கேட்டார். உதவி சுலபத்தில் வரவில்லை. இதற்குள் தீவுவாசிகள் உணவு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டார்கள். கொலம்பஸிடம் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. 1504 பிப்ரவரி 29ஆம் தேதி இரவு சந்திர கிரகணம் என்று அதில் போட்டிருந்தது. தீவின் தலைவர்களைக் கூப்பிட்டு, "நீங்கள் எங்களுக்குச் சோறு போடாததால் தெய்வத்துக்குக் கோபம், இன்று இரவு நிலா மறையும்" என்ற கருத்தில் பேசினார். நிலா மறைந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு உணவைக் கொண்டுவந்து குவித்தார்கள். அந்த ஜூனில் மீட்புக் கப்பல் வந்தது. ஸ்பெயினுக்குத் திரும்பிய கொலம்பஸ் அதற்குப் பிறகு கடலேறவில்லை, 1506இல் காலமானார்.

கிரகணக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கொலம்பஸின் சாமர்த்தியத்தை மெச்சினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கணக்குத் தெரிந்த ஒருவர், கணக்குத் தெரியாதவர்களிடம் அதைத் தெய்வத்தின் கோபம் என்று சொல்லிச் சோறு வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னார். பசி தீர்ந்ததும் அந்தப் பொய்யின் வேலை முடிந்துவிட்டது. கணக்குத் தெரியாமல், உண்மை என்றே நம்பிச் சொல்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். ஹாலந்தில் நடந்தது அதுதான்.

ஹாலந்து என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நெதர்லாந்து தேசத்தை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்த அதே டச்சுக்காரர்களின் தேசம். அந்த நாட்டில் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது கரை ஒன்றுதான். நம் ஊரில் ஏரிக்கரை உடைந்தால் நாலு கிராமம் முழுகும். அங்கே கடற்கரை அணை உடைந்தால் மாகாணமே முழுகும்.

அந்தக் காலத்து அணைகளை அவர்கள் பல இடங்களில் மரத்தை நம்பித்தான் கட்டியிருந்தார்கள். மேற்கு ஃபிரீஸ்லாந்துப் பக்கத்தில் மண் கரைக்கு முன்னால் கடற்புல்லை அமுக்கி அமுக்கிச் சுவர் போல் அடுக்குவார்கள். அலை அதைக் கலைத்துவிடாமல் பருத்த மரத் தூண்களை வரிசையாக அடித்து நிறுத்துவார்கள். தெற்கே ஸீலாந்து மாகாணத்தில் அலையின் வேகத்தைத் தடுப்பதற்காகத் தூண் வரிசைகள் நட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான தூண்கள். வெளிப் பார்வைக்கு ராஜா மாதிரிதான் நின்றுகொண்டிருந்தன.

1730ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸீலாந்தின் வால்கெரன் தீவில் காற்றடித்தபோது தூண்கள் முறிந்தன. பெரும் புயல்களைத் தாங்கிய தூண்கள் எப்படி முறியும்? முறிந்த துண்டுகளைப் பார்த்தார்கள். நாகப்பட்டினத்து மீனவர் எனக்குக் காட்டிய அதே தேனடை! மறு வருஷம் வடக்கே மேற்கு ஃபிரீஸ்லாந்திலும் தூண்கள் அதே கதியில் இருப்பதைக் கண்டார்கள். எந்தத் தூண் முழுசு, எந்தத் தூண் சொத்தை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தேசம் நடுங்கிப் போயிற்று. அடுத்த பெரும் புயலில் என்ன ஆகும் என்று நினைத்து எத்தனை பேர் தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள்!

பயந்த ஜனங்கள் காரணம் கேட்டார்கள். காரணம் சொல்லப் பாதிரிமார்கள் தயாராக இருந்தார்கள். இவ்வளவு சிறிய ஜந்துவைக் கொண்டு இவ்வளவு பெரிய தேசத்தைக் கடவுள் அடிக்கிறார் என்றால் நாம் செய்த பாவம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார்கள். நோன்பு நாட்களும் பிரார்த்தனை நாட்களும் அறிவிக்கப்பட்டன. இந்த மட்டில் பாதகமில்லை. ஆபத்து வந்தால் தெய்வத்தை நினைப்பது எந்த நாட்டுக்கும் பொது. ஆனால் பாவம் என்று சொன்ன பிறகு, பாவி யார் என்ற கேள்வி வராமல் இருக்குமா?

பாவிகள் ஏற்கெனவே தயாராக அகப்பட்டிருந்தார்கள். அதே 1730ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உட்ரெக்ட் நகரத்தில், ஆணோடு ஆண் உறவு கொண்டார்கள் என்று சிலர்மீது வழக்கு எழுந்தது. ஒருவன் வாயிலிருந்து இன்னொருவன் பெயர், அவன் வாயிலிருந்து வேறொருவன் பெயர் என்று வழக்கு மாகாணம் மாகாணமாகப் பரவிற்று. நூற்றுக்கணக்கானவர்கள்மீது குற்றம் சாட்டினார்கள். பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். பலர் தூக்குமேடை ஏறினார்கள். இந்த வேட்டை ஆரம்பித்தபோது புழுவின் சமாசாரம் எவருக்கும் தெரியாது. புழு பிறகுதான் வெளிப்பட்டது. ஆனால் வெளிப்பட்டவுடன் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 'இந்தப் பாவத்துக்குத்தான் அந்தத் தண்டனை' என்றார்கள். கணக்கு ஒத்து வருகிறதா என்று தட்டிப் பார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை.

வடக்கே குரோனிங்கன் மாகாணத்தில் ஃபான் என்று ஒரு சின்னக் கிராமம். அந்தப் பகுதியின் நீதிபதி ருடால்ஃப் டி மெப்ஸ்கே என்பவர். 1731இல் அவர் சுற்றுவட்டாரத்து விவசாயிகளையும் கூலிக்காரர்களையும் இதே குற்றம் சாட்டிப் பிடித்துச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார். அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி இருபத்திரண்டு பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அவர்களில் மீசை முளைக்காத பையன்களும் இருந்தார்கள்.

இருபத்திரண்டு பேர் சாம்பலானார்கள். தூண்களில் இருந்த புழுக்களில் ஒன்றுகூடச் சாகவில்லை.

இதை எழுதும்போது எனக்குச் சித்தியின் முகம் ஞாபகம் வருகிறது. சித்தி கெட்டவள் அல்ல. வீடு விழுந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். பயந்தவர்கள் கையில் அகப்படுகிறவர்கள் எப்போதும் வீட்டில் புதிதாக வந்தவர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள், ஊரோடு ஒட்டாதவர்கள். கரையானைப் பிடித்து வைத்துத் திட்ட முடியாது, மருமகளைத் திட்டலாம். எங்கள் வீட்டில் அது ஒரு சுடுசொல்லோடு நின்றது. ஃபான் கிராமத்தில் நீதிபதியிடம் சிறைச்சாலையும் கயிறும் நெருப்பும் இருந்தன.

நல்ல காலம், அதே தேசத்தில் ஆசாரிகளும் இருந்தார்கள். சிலர் புழுவை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்துச் சித்திரம் எழுதி அச்சிட்டார்கள். கோட்ஃபிரிட் செல்லியஸ் என்பவர் டான்ஸிக் நகரத்தில் பிறந்தவர், சட்டம் படித்தவர். அவர் இந்தப் பிராணியை அறுத்து, ஒவ்வோர் உறுப்பாக ஆராய்ந்து, 1733இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இது புழு அல்ல, சிப்பி இனம் என்று அவர் அதில் எடுத்துக் காட்டினார். அந்த நூல் அச்சானது எந்த ஊரில் தெரியுமா? மனித வேட்டை தொடங்கிய அதே உட்ரெக்ட் நகரத்தில்தான். வெகு நாட்களுக்குப் பிறகு, 1758இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து அறிஞர் இந்தப் பிராணிக்கு இன்று வழங்கும் சாஸ்திரப் பெயரைக் கொடுத்தார்.

பிராணி இன்னதென்று தெரிந்ததே தவிர, தூண்களைக் காப்பாற்ற வழி தெரியவில்லை. தார் பூசினார்கள்; நஞ்சு பூசினார்கள்; ஆணிகளை நெருக்கமாக அடித்துப் பார்த்தார்கள். ரகசிய மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு பலர் வந்தார்கள். கடைசியில் பீட்டர் ஸ்ட்ராட், பீட்டர் வான் டெர் டெயூரே என்ற இருவர் 1733இல் ஒரு யோசனையை அச்சிட்டு வெளியிட்டார்கள். 'புழு தின்பது மரத்தை. ஆகவே மரத்தை நம்பாதே. செங்குத்தாக நிற்கும் சுவருக்குப் பதில் கரையைச் சரிவாக அமைத்து, அதன்மேல் கல்லைப் பரப்பு. அலை மோதாமல் சரிவில் ஏறி இறங்கிப் போகட்டும்' என்பது அந்த யோசனையின் சாரம். கேட்கும்போது வெகு சாதாரணமாக இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததை விட்டுவிடுவது யாருக்குமே லேசல்ல.

ஹாலந்தில் கல் ஏது? தோண்டினால் சேறுதான். நார்வே முதலிய வடதேசங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் கல் கொண்டுவந்தார்கள். உள்நாட்டில் டிரெந்த் என்ற பகுதியில், ஆதிகாலத்தில் பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டுவந்து போட்ட கற்கள் கிடந்தன. அவற்றையும் தோண்டி எடுத்து விற்றார்கள். அந்தப் பகுதியில் சுமார் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய மக்கள் பெரும் பாறைகளை அடுக்கிக் கட்டிய கல்லறைகள் இருக்கின்றன. நம் நாட்டுக் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் உருவம் உடனே விளங்கும். கல்லுக்கு விலை வந்ததும் அவற்றுக்கும் ஆபத்து வந்தது. 1734இல் அந்தக் கல்லறைகளின் கற்களை யாரும் எடுக்கக் கூடாது என்று டிரெந்த் ஆட்சியினர் தடை விதித்தார்கள். பழமைச் சின்னங்களைக் காக்க ஐரோப்பாவில் பிறந்த ஆதிச் சட்டங்களில் அது ஒன்று. அதற்குத் தூண்டுகோல் ஒரு புழு என்று சொன்னால், கதை எழுதுகிறவன் கட்டிவிட்டான் என்றுதான் நினைப்பீர்கள்!

கடற்படைக்காரர்களும் தங்கள் வழியில் கணக்குப் போட்டார்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தி வெப்பக்கடல்களுக்கு அனுப்பிற்று. திரும்பி வந்தபோது மரத்தில் புழு இல்லை. ஆனால் செம்பு பட்ட இடங்களில் இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. உப்பு நீரில் செம்பும் இரும்பும் சேர்ந்து இருந்தால் இரும்பு கரைந்துவிடும். புழு போய்ப் புதுநோய் வந்தது. பிறகு ஆணிகளையும் செம்பு சேர்ந்த கலப்பு உலோகத்தில் செய்யக் கற்றார்கள். துறைமுகத் தூண்களுக்கும் ரயில்பாதைக் கட்டைகளுக்கும், 1838இல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் தாரெண்ணெயை மரத்துக்குள் அழுத்தத்தோடு ஏற்றும் முறைக்கு உரிமை பெற்றார். எல்லா இடத்திலும் பாடத்தைக் கற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1919 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியில் இதே புழு படகுத்துறைகளையும் கிடங்குகளையும் சாய்த்துவிட்டது. ஆற்று நீர் குறைந்து உப்பு ஏறினால் இது உள்ளே வரும் என்ற பாடத்தை அங்கே பெரும் நஷ்டத்தில் படித்தார்கள்.

புழுவைப் பார்த்துப் பயப்படாமல், பகைக்காமல், அதனிடமே பாடம் கேட்டவர் ஒருவர் உண்டு. மார்க் புரூனல் என்பது அவர் பெயர். பிரான்ஸில் பிறந்தவர், புரட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் வந்து சேர்ந்த எஞ்சினியர். கப்பல் தளம் ஒன்றில் புழு அரித்த கட்டையை எடுத்து உற்றுப் பார்த்ததாகச் சொல்வார்கள். முன்னால் ஓடு மரத்தை அறுக்கிறது. அதே ஓடு உடம்பையும் காக்கிறது. பின்னால் சுண்ணாம்புச் சுவர் எழும்புகிறது. சேற்று மண்ணில் சுரங்கம் தோண்ட இதைவிட நல்ல முறை ஏது? 1818இல் அவர் தம் சுரங்கக் கவசத்துக்கு உரிமை பெற்றார். இரும்புச் சட்டத்தில் முப்பத்தாறு அறைகள். அறைக்கு ஓர் ஆள் நின்று முன்மண்ணைச் சிறிது சிறிதாக வெட்டுவான். சட்டம் முன்னே நகரும். பின்னால் கொத்தனார்கள் செங்கல் சுவர் எழுப்பிக்கொண்டே வருவார்கள். 1825இல் தேம்ஸ் நதியின் அடியில் வேலை தொடங்கிற்று. நதி பலமுறை உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் ஆறு பேர் மாண்டார்கள். பணமில்லாமல் ஏழு வருஷம் வேலை நின்றது. 1843 மார்ச்சில் சுரங்கம் திறந்தது. அதன் வழியே இன்றும் ரயில் ஓடுகிறது. சென்னையில் மெட்ரோ ரயிலுக்காகக் கூவத்தின் அடியில் துளைத்துச் சென்ற ராட்சத இயந்திரங்களும் அந்தக் கவசத்தின் வம்சந்தான்.

இந்தப் பிராணியைப்பற்றி இன்னொரு வார்த்தை சொல்லாவிட்டால் அநியாயம். ஆறுகள் கடலில் கொண்டுபோய்த் தள்ளும் மரங்களை எல்லாம் தின்று தீர்ப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. காட்டில் விழுந்த மரத்தைக் கரையான் மண்ணாக்குவது போலக் கடலில் இது செய்கிறது. இது இல்லாத கடலில் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1628இல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த 'வாசா' என்ற போர்க்கப்பலை 1961இல் வெளியே எடுத்தபோது அது ஏறக்குறைய முழுசாக வந்தது. அந்த இடத்தில் பால்டிக் கடலின் நீரில் உப்புக் குறைவு. கப்பல் புழு அங்கே பிழைக்க முடியாது. புழுவுக்குத் தெரிந்தது உப்பும் மரமுந்தான். அணையில் நின்ற தூண் என்றும், ஆற்றில் வந்த கட்டை என்றும், கொலம்பஸின் கப்பல் என்றும் அது வித்தியாசம் பாராட்டுவதில்லை. யார் பாவி, யார் புண்ணியவான் என்ற விசாரணையும் அதற்கு இல்லை. அந்த விசாரணையை வைத்துக்கொண்டவர்கள் நாம்தான்.

சிற்றப்பா வீட்டு நிலையை ஆசாரி இரண்டு நாளில் சரி செய்தார். முதலில் கொல்லையில் தேங்கும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னார். பிறகு, நின்ற காலின் கெட்ட அடிப்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு நல்ல மரத்தை ஒட்டு வைத்தார். விழுந்த காலுக்குப் புதுக் கால் போட்டார். இரண்டின் அடியிலும் மண் படாதபடி ஒவ்வொரு கருங்கல் துண்டை வைத்தார். "கரையான் கல்லைத் தின்னாதுங்க" என்றார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பீட்டர்கள் சொன்ன அதே வார்த்தை என்பது அவருக்குத் தெரியாது.

சித்தி அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆசாரிக்குக் காப்பி கொடுக்கும்போது மருமகளையும் கூப்பிட்டு, "நீயும் ஒரு வாய் குடி" என்றாள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தோடு கொல்லை வாசலைக் கடந்து வந்தாள். நிலைக்கருகில் ஒரு கணம் நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் புதுக் காலை ஒரு தட்டுத் தட்டினாள். 'டங்' என்று கேட்டது. உள்ளே போய்விட்டாள்.